உடைந்த தாடைக்கு ஒரு சிட்டிகை வெண்துகள்

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, சாத்தூரைத் தாண்டியதும் கரிசல் காட்டுக்குள் ஓடத் தொடங்குகிறது. தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்கு வருகிறவர்கள், கயத்தாறு, எட்டயபுரம், கழுகுமலைப் பக்கங்களிலிருந்து கோவில்பட்டிக்குச் சந்தைக்கும் கல்லூரிக்கும் வருகிறவர்கள் எல்லாருக்கும் இந்தச் சாலையும் இதில் வந்து சேரும் கிளைச் சாலைகளும்தான் வழி. பெரும்பாலும் பைக்கில்தான் வருகிறார்கள். 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். 17,884 பேர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களைப் பற்றி மறுநாள் செய்தியில் ஒரு வரிதான் வரும்: காயமடைந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் முகம் உடைந்தவர்களின் கதை அதற்குப் பிறகு பல வாரங்கள் நீளும்.

வண்டியிலிருந்து முன்பக்கமாகத் தூக்கி வீசப்படுகிறவருக்குப் பெரும்பாலும் முகவாய்தான் முதலில் தரையில் மோதுகிறது. போலீசுக்குப் பயந்து போடுகிற பாதி ஹெல்மெட் மண்டையை ஓரளவு காக்கும். முகவாயைத் தொடக்கூட மாட்டாது. கீழ்த்தாடை ஒரே வளைந்த எலும்பு. ஓரிடத்தில் விழுந்த அடி அந்த வளைவு முழுக்கப் பாய்வதால், பல நேரங்களில் இரண்டு இடத்தில் முறிகிறது. அடி முகவாயில் இருக்கும், முறிவு காதுக்கு முன்னால் இருக்கும். ‘தவடையில லேசான அடிதான்’ என்று வீட்டில் படுத்துவிடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். ஹாக்கிப் பந்தின் எடை சுமார் 160 கிராம்தான். ஆனால் அது வருகிற வேகத்தில் தாடையில் பட்டால் பல்லும் போகும், எலும்பும் போகும். மாடு முட்டியது, டிராக்டர் கைப்பிடி அடித்தது, மாடிப்படியில் தடுக்கி விழுந்தது என்று மற்றக் காரணங்களும் உண்டு. எப்படி உடைந்திருந்தாலும் அடையாளங்கள் ஒன்றுதான். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்புபோல் பொருந்தாது. கீழுதடு மரத்துப்போகும், ஏனென்றால் அந்த உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு கீழ்த்தாடை எலும்பின் உள்ளே ஓடுகிறது. நாக்கைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ரத்தம் கன்றியிருக்கும். இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

தென்மாவட்டங்களில் கை, கால் முறிந்தால் எலும்பு முறிவு வைத்தியசாலைக்குப் போய்க் கட்டுப்போடும் பழக்கம் இன்னும் வலுவாக இருக்கிறது. முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுகிறார்கள். கையெலும்பு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தாலும் கை வேலை செய்துவிடும். தாடைக்கு அந்தச் சலுகை கிடையாது. பல்வரிசை ஒரு மில்லிமீட்டர் விலகிச் சேர்ந்தாலும், ஒவ்வொரு வாய்ச் சோற்றிலும் அது தெரியும். போதாததற்கு, பல் இருக்கும் பகுதியில் ஏற்படும் தாடை முறிவு பெரும்பாலும் வாய்க்குள் திறந்த புண்ணாகவே இருக்கும். எச்சிலும் கிருமியும் முறிந்த இடத்துக்குள் நேராக இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியே போடும் எந்தக் கட்டும் அதைத் தடுக்காது.

இன்றைய சிகிச்சையின் அடிப்படை எளிமையானது. பற்களை முன்பிருந்தபடி பொருத்தி, எலும்புத் துண்டுகளைச் சேர்த்து, டைட்டானியம் பிளேட்டும் திருகாணியும் போட்டு அசையாமல் பிடித்துவிட வேண்டும். 1970களில் பிரான்சில் மிஷலேயும், அதே நாட்டின் ஸ்ட்ராஸ்பூரில் ஷாம்பியும் இந்தச் சின்ன பிளேட் முறையை நிலைநாட்டினார்கள். மெல்லும்போது தாடையின் எந்தப் பகுதி இழுபடுகிறது, எது அழுந்துகிறது என்று ஷாம்பி குழு கணக்கிட்டு, பிளேட் எந்தக் கோட்டில் உட்கார வேண்டும் என்று வரைந்து காட்டியது. அதனால்தான் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனே உள்ள தகடு, தாடையின் இழுவிசையைத் தாங்குகிறது. பெரும்பாலும் வாய்க்குள்ளேயே கீறி வைத்துவிடுவதால் முகத்தில் தழும்பும் விழாது. அதற்கு முன்பெல்லாம் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டி நான்கு முதல் ஆறு வாரம் வாயைத் திறக்கவிடாமல் வைத்திருப்பார்கள். சில முறிவுகளுக்கு இன்றும் அந்த முறை உண்டு.

இப்படிச் செய்த முறிவுகளில் பெரும்பாலானவை எந்தச் செயற்கை எலும்பும் இல்லாமலே சேர்ந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம். சேர்த்துப் பிடித்தால் எலும்பு தானாக ஒட்டும். எலும்புத் துகள் பற்றிய பேச்சு, அங்கே ஏதோ காணாமல் போயிருக்கும்போதுதான் வர வேண்டும்.

எப்போது காணாமல் போகிறது? லாரி மோதலில் எலும்பு பொடிப்பொடியாக நொறுங்கி, உயிரற்ற சில்லுகளை எடுத்துவிட நேரும்போது. முறிவுக் கோட்டிலேயே இருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபின் அந்தக் குழி திறந்து நிற்கும்போது. ஏற்கெனவே நீர்க்கட்டி அரித்து ஓடாகிப்போன தாடை சின்ன அடியில் முறியும்போது. தாமதமாக வந்ததாலோ சீழ் பிடித்ததாலோ எலும்பு சேராமல் நடுவில் வெறும் நாரிழைத் திசு வளர்ந்துவிடும்போது. அதைச் சுரண்டி எடுத்தால் இரு முனைக்கும் நடுவே இடைவெளி மிஞ்சும். இன்னொரு கூட்டமும் உண்டு, பொக்கை வாய்ப் பாட்டிகளும் தாத்தாக்களும். பல் விழுந்து பல வருடங்கள் ஆனபின் தாடையெலும்பு தேய்ந்து, உயரம் பத்து மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். ரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். அந்த எலும்பு முறிந்தால், பிளேட் போட்டாலும் சேர்வதற்குச் சரக்கு போதாது.

இந்த இடங்களை நிரப்ப மருத்துவர்களின் முதல் தேர்வு இன்றுவரை நோயாளியின் சொந்த எலும்புதான். பெரும்பாலும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து எடுப்பார்கள். அதில் உயிருள்ள செல்களும், எலும்பு வளரத் தூண்டும் புரதங்களும், கட்டுமானமும் ஒருசேரக் கிடைக்கின்றன. விலை என்னவென்றால், தாடைக்கு வந்தவர் இடுப்பிலும் ஒரு புண்ணோடு வீட்டுக்குப் போகிறார். களை எடுப்பதும் தீப்பெட்டி ஆலையில் கால் மடக்கி உட்கார்ந்து வேலை பார்ப்பதுமே பிழைப்பு என்கிறவருக்கு, இடுப்பு வலி கூடுதல் நாள் கூலியைப் பறிக்கும். சின்ன இடைவெளிக்காக இவ்வளவு வேண்டுமா என்ற கேள்விக்கு விடையாகத்தான் ஒரு சின்னக் குப்பி வந்தது.

குப்பிக்குள் இருப்பது வெள்ளைத் துகள். பல் மருத்துவமனைகளில் ‘எலும்புப் பவுடர்’ என்பார்கள், ‘போன் கிராஃப்ட்’ என்பார்கள். மனித எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்ஸிஅபடைட் வகைத் தாதுதான். அதையே ஆய்வுக்கூடத்தில் செய்து, சூளையில் சுட்டு, நுண்துளைகளோடு துகளாக்குகிறார்கள். நோயாளியின் ரத்தத்தில் குழைத்து இடைவெளியில் அடைத்து, மேலே ஈறை நீர் கசியாதபடி தைத்துவிடுவார்கள். சிலர் நோயாளியின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, சுழற்றிப் பிரித்து, தட்டணுக்கள் நிறைந்த ஃபைப்ரின் கூழையும் கலக்கிறார்கள்.

பிறகு நடப்பதுதான் முக்கியம். துகள் எலும்பாக மாறுவதில்லை. அது பீர்க்கங்கொடிக்குப் போடுகிற பந்தல். பந்தல் காய்க்காது, கொடிதான் படர்ந்து காய்க்க வேண்டும். இரு பக்கமும் உள்ள உயிருள்ள எலும்பிலிருந்து ரத்தக் குழாய்கள் துகள்களின் இடுக்குகளில் நுழைகின்றன. கூடவே எலும்பு கட்டும் செல்கள் வருகின்றன. நுண்துளை நூறு மைக்ரானுக்காவது மேல் இருந்தால்தான் அவை உள்ளே குடியேற முடியும். முந்நூறுக்கு மேல் என்றால் ரத்தக் குழாய்களுக்கு இன்னும் வசதி. அக்கம்பக்கத்தில் உயிருள்ள எலும்புச் சுவர் இல்லாவிட்டால், எவ்வளவு துகள் கொட்டினாலும் அது துகளாகவே கிடக்கும்.

எந்தத் துகள் என்பதும் கணக்குதான். சுட்ட ஹைட்ராக்ஸிஅபடைட் மிக மெதுவாகக் கரையும், ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். டிரைகால்சியம் பாஸ்பேட் பல மாதங்களில் கரைந்து புது எலும்புக்கு இடம் விடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று நாம் அறிந்த கால்சியம் சல்பேட் சில வாரங்களிலேயே போய்விடும். எலும்பு வருவதற்குள் துகள் கரைந்துவிட்டால் இடைவெளி மறுபடி வாயைத் திறக்கும். கரையவே இல்லை என்றால் புது எலும்புக்கு இடம் கிடைக்காது. அதனால்தான் முதல் இரண்டையும் கலந்து விற்கிறார்கள்.

இந்த யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1892இல் ஜெர்மனியில் டிரெஸ்மன் எலும்புக் குழிகளைப் பிளாஸ்டரால் அடைத்துப் பார்த்தார். 1920இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஃபிரெட் ஆல்பி, கால்சியம் பாஸ்பேட் வைத்தால் முயலின் முறிந்த எலும்பு வேகமாகச் சேர்கிறது என்று எழுதினார். பிறகு அரை நூற்றாண்டு பெரிதாக எதுவும் நடக்கவில்லை. திருப்பம் ஒரு பேருந்துப் பயணத்தில் வந்தது. 1967இல் புளோரிடாவைச் சேர்ந்த பீங்கான்–கண்ணாடி ஆய்வாளர் லாரி ஹென்ச், ஒரு மாநாட்டுக்குப் போகும் பேருந்தில் வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்தார். கதிர்வீச்சைத் தாங்கும் பொருள் செய்கிறீர்களே, மனித உடம்பைத் தாங்கும் பொருள் ஒன்று செய்ய முடியாதா என்று அந்த அதிகாரி கேட்டதாக ஹென்ச் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். போர்முனையில் கை கால் துண்டிக்கப்படும் இளைஞர்களைப் பார்த்துவிட்டு வந்தவரின் கேள்வி அது. 1969இல் ஹென்ச் குழு செய்த கண்ணாடியை எலியின் எலும்பில் வைத்தார்கள். சில வாரம் கழித்து எடுக்கப் பார்த்தால், அது வரவில்லை, எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. பாதிக்கும் கொஞ்சம் குறைவாக சிலிகா, மீதியில் கால்சியம், சோடியம், கொஞ்சம் பாஸ்பரஸ். அதுதான் பயோகிளாஸ். காதுக்குள் வைக்கும் சிற்றெலும்பாக 1980களில் வந்து, 1993இல் பல் தாங்கும் எலும்பை நிரப்பும் துகளாகச் சந்தைக்கு வந்தது.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். கோவில்பட்டியைத் தன்னுள் கொண்ட தூத்துக்குடி மாவட்டத்தின் கரையோரம் பவளப்பாறைகள் நிறைந்த மன்னார் வளைகுடா. ஒருகாலத்தில் அந்தப் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பினார்கள். பவளம் என்பது இயற்கையே துளையிட்டு வைத்த கால்சியம் கார்பனேட். அதன் துளைகளின் அளவும் ஒழுங்கும் எலும்போடு ஒத்துப்போவதைக் கண்டு, 1970களில் அமெரிக்காவில் அதை ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாற்றினார்கள். சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் ஐஐடியும் சேர்ந்து, இந்தியப் பவளத்திலிருந்து அதே பொருளைச் செய்யும் வழியை 1996இல் வெளியிட்டன. ஆனால் 2001இல் பாறை கட்டும் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடலின் நாற்றங்காலை உடைத்து மனிதத் தாடையை அடைப்பது சரியில்லை. சட்டம் செய்தது நல்ல காரியம்.

அப்புறம் கண் விழுந்தது முட்டையோட்டின் மேல். அதில் ஏறத்தாழ 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். நாமக்கல் கோழிப்பண்ணைகள் உள்ள மாநிலத்தில் அதற்குப் பஞ்சமா? சென்னை ஐஐடியின் சம்பத்குமார் குழு 2007இல், முட்டையோட்டைச் சுட்டு, பாஸ்பேட் சேர்த்து, மைக்ரோவேவ் உதவியோடு மிகநுண்ணிய ஹைட்ராக்ஸிஅபடைட் செய்யும் முறையை வெளியிட்டது. 2014இல் ஆந்திராவின் குண்டூரில் சிபார் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், முட்டையோட்டுத் துகளை மேல்தாடையில் நீர்க்கட்டி எடுத்த குழிகளில் வைத்து, எலும்பு நிரம்பியதைத் தங்கள் முதற்கட்ட ஆய்வாக எழுதினார்கள். வைத்தியசாலையில் வெள்ளைக்கரு வெளியே தடவப்படுகிறது; இங்கே ஓடு உள்ளே போகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது என்றாலும், குப்பையில் போகும் ஒரு பொருளுக்கு இவ்வளவு மதிப்பைக் கண்டுபிடித்த அந்த ஆய்வாளர்களை மனதாரப் பாராட்டத் தோன்றுகிறது.

மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1990இல் உள்நாட்டிலேயே செய்த இதய வால்வை முதன்முதலில் மனிதருக்குப் பொருத்திய நிறுவனம் அது. அங்குள்ள பீங்கான் பிரிவு, ஹைட்ராக்ஸிஅபடைட்டின் மேல் சிலிகா கலந்த பூச்சுக் கொடுத்த ஒரு பொருளை உருவாக்கி, ஆட்டின் தொடையெலும்பில் வெட்டி எடுத்த இடைவெளியில் வைத்துச் சோதித்தது. சிலிகா சேர்ந்தால் எலும்பு சீக்கிரம் பற்றிக்கொள்கிறதா என்பது அவர்கள் கேள்வி. இன்று பல் மருத்துவர்கள் வாங்கும் குப்பிகளில் சென்னை நிறுவனமான யூகேரின் சைபோகிராஃப் போன்ற உள்நாட்டுப் பொருள்களும் உண்டு. வெளிநாட்டுக் குப்பிக்காகக் காத்திருக்க வேண்டிய காலம் போய்விட்டது.

இவ்வளவு சொன்னபின், இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நோயாளிக்குச் செய்யும் துரோகம். தாடையில் நீர்க்கட்டி எடுத்த குழிகள், பெரியவையும்கூட, எந்தத் துகளும் வைக்காமலே ஒன்றிரண்டு ஆண்டுகளில் எலும்பால் நிரம்புவதை இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் 2000இல் காட்டினார்கள். சுற்றிலும் எலும்புச் சுவர் உள்ள குழிக்கு உடம்பே வேலை செய்துகொள்கிறது. ‘பவுடர் வச்சா சீக்கிரம் சேர்ந்துரும்’ என்று யாராவது பொதுவாகச் சொன்னால், தயங்காமல் கேள்வி கேட்கலாம். முறிவில் அசைவு இருந்தால் எந்தத் துகளும் உதவாது. துகள் முறிவை அசையாமல் பிடித்து நிறுத்தாது. அது பிளேட்டின் வேலை. சீழ் இருக்கும்போது வைத்தால், துகளே கிருமிக்கு ஒளிவிடமாகிவிடும். முதலில் சீழை வடித்து, நோயை அடக்கிவிட்டுத்தான் அடைக்க வேண்டும். தைத்த ஈறு பிரிந்தால் துகள் மணல்மணலாக வாயில் வரும். இடைவெளி ஐந்தாறு சென்டிமீட்டரைத் தாண்டினால் துகளைப் பற்றிப் பேசவே தேவையில்லை. கெண்டைக்காலின் வெளிப்பக்கச் சிற்றெலும்பை அதன் ரத்தக் குழாயோடு எடுத்து, கழுத்து ரத்தக் குழாயோடு இணைத்துத் தாடை செய்ய வேண்டும். 1989இல் நியூயார்க்கில் டேவிட் ஹிடால்கோ தொடங்கிவைத்த அந்த அறுவை இன்று தமிழ்நாட்டின் பெரிய மருத்துவமனைகளிலும் நடக்கிறது.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும், பீடி, சிகரெட், புகையிலை விடாதவருக்கும் எலும்பு சேர்வது தாமதமாகும். சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடும். அறுவைக்குப் பிந்தைய வாரங்களிலாவது புகையிலையை நிறுத்தச் சொல்வது சம்பிரதாயத்துக்காக இல்லை. புதிதாக நுழையப் பார்க்கும் மெல்லிய ரத்தக் குழாய்களை நிகோட்டின் சுருக்குகிறது. குப்பிக்குச் செலவழித்த பணம் அங்கேயே வீணாகும்.

கோவில்பட்டியில் விழுந்தவருக்கு வழி என்ன? முதலில் மூச்சு, ரத்தப்போக்கு, தலைக்காயம். அதற்கு 108ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனை. தாடைக்கான முக–தாடை அறுவை மருத்துவர் திருநெல்வேலியிலோ மதுரையிலோ கிடைப்பார். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். ஆனால் தாடை அறுவையைப் பல நேரங்களில் முக வீக்கம் வடியட்டும் என்று சில நாள் தள்ளி வைப்பார்கள். அதற்குள் 48 மணி நேரம் கடந்துவிடும். ஆகவே முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே கொண்டுவந்து, எது திட்டத்தில் வரும், எது வராது என்று கேட்டுவிட வேண்டும். குப்பியின் விலையைத் தனியாகக் கேட்பதும் முறையே. ‘இந்த முறிவுக்கு இது ஏன் வேண்டும், வைக்காவிட்டால் என்ன ஆகும்’ என்ற கேள்விக்கு எந்த நல்ல மருத்துவரும் கோபப்பட மாட்டார்.

அறுவை முடிந்தபின் சாப்பாட்டுக்கு இந்த ஊரில் கவலையே இல்லை. கம்பங்கூழ், கேப்பைக் கூழ், பருப்புத் தண்ணீர், மோர், குழைய வடித்த சோறு என மெல்லத் தேவையில்லாத உணவு கரிசல் வீடுகளில் என்றும் உண்டு. முட்டையும் பருப்பும் கொஞ்சம் கூடுதலாகச் சேர வேண்டும்; எலும்பு கட்ட புரதம் வேண்டுமே. புவிசார் குறியீடு பெற்ற ஊர்க் கடலை மிட்டாயை மட்டும் மருத்துவர் அனுமதிக்கும்வரை தள்ளி வைக்க வேண்டும். அதைக் கடிக்கிற விசையை முதல் ஆறு வாரத்துத் தாடை தாங்காது. உப்பு நீரில் வாய் கொப்பளிப்பதை ஒரு வேளையும் விடக் கூடாது.

மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அப்போது படத்தில் துகள் இருக்கும் இடம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அது புது எலும்பு என்று உடனே எண்ணிவிட முடியாது; ஹைட்ராக்ஸிஅபடைட்டே எக்ஸ்ரேயில் வெள்ளைதான். துகளின் ஓரம் மங்கி, சுற்றியுள்ள எலும்போடு கலக்கத் தொடங்குகிறதா என்பதைத்தான் மருத்துவர் தேடுவார். அந்த வெண்புள்ளிகள் பத்து வருடம் கழித்தும் இருக்கலாம். அன்றைக்கு வேறு ஊரில், வேறு ஒரு பல் மருத்துவர் அதைப் பார்த்து ஏதோ நோய் என்று நினைக்க இடமுண்டு. குப்பியின் மேலிருக்கும் ஸ்டிக்கரில் தயாரிப்பாளர் பெயரும் லாட் எண்ணும் இருக்கும். அதன் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டி, ரேஷன் அட்டை இருக்கிற பையிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.